ஒருத்தர புனிதரா அறிவிக்கிறது எப்படி? நம்ம தோட்டத்துப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜூன் மாசம் அந்தோனியார் கோயில்ல கொடி ஏறுன உடனே இந்தக் கேள்வியெல்லாம் கிளம்பிரும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புல பிள்ளைங்க கேக்கும், பூசை முடிஞ்சு வெளிய நிக்கும்போது பெரியவங்க கேப்பாங்க, வட்ஸ்அப் குரூப்ல இந்து ஃப்ரெண்ட்ஸும் கேப்பாங்க. நான் பாதர் இல்ல, ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல மறைக்கல்வி குடுக்கிற ஆள், அவ்வளவுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதி வச்சா லிங்க் அனுப்பிறலாம்ல.

பாப்பரசர் தான் ஒருத்தர புனிதரா ஆக்குறாரா?

இல்ல, அவர் அறிவிக்கிறார். இந்த ஆள் மோட்சத்துல இருக்காரு, தைரியமா இவர்கிட்ட வேண்டிக்கலாம், இவர் வாழ்ந்த மாதிரி வாழப் பாக்கலாம்னு திருச்சபை பேர் சொல்லி உறுதியா சொல்றது தான் அது. பேர் சொல்லாம விட்டவங்க எக்கச்சக்கம், நவம்பர் 1ம் திகதி சகல புனிதர் திருநாள்னு வச்சிருக்கிறதே அவங்களையும் சேத்துத்தான். உங்க அப்பாயி கூட அந்தக் கூட்டத்துல இருக்கலாம், யாரு கண்டா.

அந்தோனியாருக்கும் செபஸ்தியாருக்கும் இப்படி விசாரணையெல்லாம் நடந்துச்சா?

செபஸ்தியாருக்கு நடக்கல, அந்தோனியாருக்கு நடந்துச்சு. செபஸ்தியார் ரோமாபுரியில தியோக்கிளேசியன் ராஜா காலத்துல வேதத்துக்காக செத்தவர். அந்தக் காலத்துல அப்படி செத்தவங்களோட கல்லறையில ஜனங்க கூடுவாங்க, வருஷா வருஷம் அந்த நாளுக்குப் பூசை வைப்பாங்க, அந்த ஊர் ஆயரும் (பிஷப்) சரின்னுருவாரு, அதோட அவர் புனிதர். நம்ம பெக்டரியில மெஷினுக்குக் காவலா கும்பிடுற ரோதை முனிக்கு யாரும் பெட்டிஷன் போட்டு பெர்மிஷன் வாங்கி கல்லு நடல, கும்பிட்டாங்க, சாமியாகிருச்சு, ஆரம்ப காலத்துல கிட்டத்தட்ட அந்த மாதிரி தான் (பாதர்மார் யாரும் வாசிச்சா கோவிச்சுக்காதீங்க, நடந்த முறைய மட்டும் தான் சொல்றேன்).

இதுல ஒரு சிக்கல், ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள் புனிதர் ஆகிருவாங்க, சரியா விசாரிக்காமலே. அதனால கொஞ்சம் கொஞ்சமா ரோமுக்குக் கைமாறுச்சு. 993ல ஜெர்மனிப் பக்கம் அவுக்ஸ்பர்க் ஆயர் உல்ரிச் அப்படிங்கிறவர பாப்பரசர் 15ம் யோவான் அறிவிச்சது தான் பாப்பரசரே முறையா செஞ்ச முதல் அறிவிப்புன்னு சொல்லுவாங்க. 1234ல பாப்பரசர் 9ம் கிரகோரி இனிமே இது பாப்பரசர் அதிகாரம் மட்டும் தான்னு சட்டமாக்கிட்டாரு. 1588ல இதப் பாக்கிறதுக்குன்னு ரோம்ல ஒரு திணைக்களம் வந்துச்சு. இப்ப நடக்கிற முறை 1983ல 2ம் யோவான் பவுல் மாத்தி அமைச்சது.

நம்ம அந்தோனியார் கதை தான் சுவாரசியம். செத்தது 1231 ஜூன் 13, புனிதரா அறிவிச்சது 1232 மே 30, ஒரு வருஷம் கூட ஆகல! அறிவிச்சதும் அதே 9ம் கிரகோரி தான். இன்னைக்கு அந்த வேகத்த நெனச்சும் பாக்க முடியாது.

இப்ப எத்தனை படி இருக்கு?

நாலு. கேஸ் திறந்தா இறை ஊழியர். வாழ்க்கைய முழுக்க ஆராய்ஞ்சு இவர் புண்ணியங்கள சாதாரண ஆளவிட வீரத்தனமா கடைப்பிடிச்சிருக்காருன்னு பாப்பரசர் ஒத்துக்கிட்டா வணக்கத்துக்குரியவர். அதுக்குப் பிறகு ஒரு புதுமை (அற்புதம்) நிரூபிச்சா அருளாளர், பழைய ஆளுங்க முத்திப்பேறு பெற்றவர்னு சொல்லுவாங்க. அருளாளர் ஆனதுக்குப் பிறகு நடந்த இன்னொரு புதுமை நிரூபிச்சா புனிதர். முதல் புதுமையையே ரெண்டாவதுக்கும் காட்ட ஏலாது, புதுசா வேணும்.

நடைமுறையில அருளாளருக்கும் புனிதருக்கும் என்ன வித்தியாசம்னா, அருளாளர் வணக்கம் பொதுவா அவரோட மறைமாவட்டம் (ஒரு ஆயருக்குக் கீழ உள்ள பகுதி), நாடு, துறவற சபை அந்த அளவுக்குத் தான். புனிதர்னா உலகம் பூரா.

ஆள் செத்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆரம்பிக்கலாம்?

அஞ்சு வருஷம் போகணும். சாவு வீட்டு சூட்டுல எல்லாருமே நல்லவங்களாத்தான் தெரிவாங்க, அது ஆறட்டும்னு தான். பாப்பரசர் நெனச்சா இத விட்டுக் குடுக்கலாம். அன்னை தெரேசா செத்தது 1997, ரெண்டு வருஷத்துலயே கேஸ் திறக்க விட்டாங்க, 2003ல அருளாளர், 2016ல புனிதர். 2ம் யோவான் பவுல் 2005ல செத்தாரு, அடக்கப் பூசையிலயே ஜனங்க உடனே புனிதராக்குங்கன்னு பேனர் புடிச்சாங்க, 2014ல ஆகிட்டாரு. இதெல்லாம் விதிவிலக்கு, இதப் பாத்துட்டு எல்லாக் கேஸும் இப்படி ஓடும்னு நெனைக்க வேணாம்.

கேஸ யார் போடுறது? நம்ம பங்கே போடலாமா?

போடலாம். பங்கு, மறைமாவட்டம், துறவற சபை, விசுவாசிகள் சேந்த ஒரு சங்கம், யாரு வேணும்னாலும் கேக்கலாம். கேக்கிற தரப்பு போஸ்டுலேட்டர்னு ஒருத்தர நியமிக்கணும், அவர் தான் கேஸ கொண்டு நடத்துறவர். விசாரிக்கிறது ஆயர். எந்த ஆயர்? இதத் தான் நெறையப் பேர் தப்பா நெனச்சிருக்காங்க. பிறந்த ஊர் ஆயரும் இல்ல, வேலை செஞ்ச ஊர் ஆயரும் இல்ல, அவர் செத்த இடத்து ஆயர். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டத்துல செத்திருந்தா கண்டி ஆயர், பதுளை, மொனராகலைப் பக்கம்னா பதுளை ஆயர். நியாயமான காரணம் இருந்தா ரோம்ல கேட்டு வேற மறைமாவட்டத்துக்கு மாத்திக்கலாம்.

ஆயர் பக்கத்து ஆயர்மாரோட பேசி, ஜனங்களுக்கு அறிவிச்சு, ரோம்ல ஆட்சேபனை இருக்கான்னு கேட்டு, அதுக்குப் பிறகு தான் விசாரணை.

எங்க தோட்டத்துல பழைய காலத்துல ஒரு உபதேசியார் இருந்தாரு, உண்மையிலேயே புனிதர் மாதிரி மனுசன். அவருக்கு ஏன் யாரும் செய்யல?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா எங்க பக்கத்துலயும் இப்படி ஒருத்தரப் பத்தி இன்னும் பேசுவாங்க. பாதர் ரெண்டு மூனு மாசத்துக்கு ஒருக்கா தான் வருவாராம், மத்த நாளெல்லாம் உபதேசியார் தான். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன்னு மழையில நனைஞ்சுக்கிட்டே நடந்து போயி லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல பிள்ளைங்கள உக்கார வச்சு மந்திரம் சொல்லிக் குடுப்பாரு, சாகப் போற பச்சப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுப்பாரு, பெட்டி செய்யக் காசில்லாத வீட்டுக்கு அவரே பலகை தேடிக்கிட்டு வருவாரு. ஒரு கிழவி எங்கிட்ட சொன்னது, ஸ்ட்ரைக் நேரம் அரிசி இல்லாம கெடந்தப்ப அவரு தன் வீட்டு அரிசிய சுண்டுல அளந்து லயத்துல எல்லாருக்கும் குடுத்துட்டு, அவர் பொண்டாட்டி ஏசுறதக் கேட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே நின்னாராம். அந்த மாதிரி ஆளுங்க நம்ம மலையகத்துல ஒன்னு ரெண்டு இல்ல.

ஆனா கேஸ்னு போனா என்ன வேணும்? ரெண்டு விசயம். ஒன்னு, இவர் புனிதமான ஆள்னு ஜனங்க மத்தியில தானா பரவுன பேரு. அது இருக்கு. ரெண்டாவது, அத நிரூபிக்கிறதுக்கு சாட்சியும் காகிதமும். அங்க தான் நம்மாளுங்க விழுந்துர்றோம். 1964 ஒக்டோபர்ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர இந்தியாவுக்கு எடுக்கிறதுன்னு முடிவாச்சு, மூனு லட்சம் பேருக்கு இங்க பிரஜாவுரிமைன்னாங்க. அதுல ஒரு லயத்துல பாதிப் பேர் கப்பலேறிப் போனாங்க. அந்த உபதேசியாரோட கூட இருந்தவன் கூடலூர்ல, அவர்கிட்ட மந்திரம் படிச்சவ கோத்தகிரியில, ஞானஸ்நானப் புத்தகம் மட்டும் இங்க. உபதேசியாரே அந்தப் பக்கம் போயி செத்திருந்தா, மேல சொன்ன மாதிரி கேஸ் கண்டி ஆயருக்கே வராது, ஊட்டி மறைமாவட்டத்துக்குப் போகும். நம்ம சனத்த ரெண்டா வெட்டுன அந்த ஒப்பந்தம் இதுல வந்தும் நிக்கிதுன்னு யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க.

அதோட எழுத்து. துறவற சபையில ஒரு சிஸ்டர் செத்தா அவங்க எழுதுன கடிதம், சபைக் குறிப்பு, எங்க எப்ப வேலை செஞ்சாங்கங்கிற பதிவு எல்லாம் ஒரு பெட்டியில இருக்கும். கேஸ நடத்த ஆளும் இருக்கு, நூறு வருஷமானாலும் அந்த சபை இருக்கும். தோட்டத்து உபதேசியாருக்கு என்ன இருக்கு? ஒரு பழைய செபப் புத்தகமும் பின்னட்டையில பிள்ளைங்க பிறந்த திகதியும். புனிதர் பட்டியல்ல துறவிகளும் பாதர்மாரும் நெறைய இருக்காங்கன்னா குடும்பஸ்தங்க மோசம்னு அர்த்தம் இல்ல, அவங்களுக்கு ஒஃபிஸ் இல்ல, அவ்வளவுதான்.

கண்ணால பாத்த சாட்சி உயிரோட இருக்கும்போது செய்யிற கேஸ் வேற, எல்லாரும் செத்த பிறகு பழைய ஆவணத்த மட்டும் வச்சு செய்யிற கேஸ் வேற, ரெண்டுக்கும் தனி முறை இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு ஆவணம் இல்ல, அதனால முதல் வகை தான் நமக்கு வழி, அந்தக் கிழவிக்கு இப்ப எண்பத்தி சொச்சம். போன்ல ரெக்கோர்ட் பண்ணுங்க, பேரு, டிவிஷன், எந்த வருஷம், அவங்களே பாத்ததா இல்ல கேள்விப்பட்டதான்னு பிரிச்சு எழுதுங்க, அவங்க கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்க, ஒரு கொப்பி பங்குல குடுங்க. அசல மட்டும் யார்கிட்டயும் குடுத்துறாதீங்க.

இந்துக்கள், சிங்கள ஆளுங்க சாட்சி சொல்லலாமா?

தாராளமா. கத்தோலிக்கரா இருக்கணும்னு இல்ல. உண்மையச் சொன்னா இன்னும் பெறுமதி, வேற மதத்து ஆளும் இவர நல்லவருன்னு சொல்றாங்கல்ல.

சாட்சின்னா நல்லத மட்டும் சொல்லணுமா?

இல்ல இல்ல, அவருக்குப் பிடிக்காத ஆளையும் தேடிப் பிடிச்சுக் கேக்கணும். ஆயர் போடுற விசாரணைக் குழுவுல நீதிக் காவலர்னு ஒருத்தர் இருப்பாரு, கேள்வி தயாரிக்கிறதும் ஓட்டை எங்கன்னு பாக்கிறதும் அவர் வேலை. நோட்டரி ஒருத்தர் எல்லாத்தையும் எழுதுவாரு. சாட்சிக்காரங்க சத்தியம் பண்ணிட்டுத்தான் சொல்லணும். முந்தி ரோம்ல சாத்தானோட வக்கீல்னு பட்டப் பேரோட ஒரு பதவியே இருந்துச்சு, எதிர்த்து வாதாடுறதே தொழில், 1983 மாற்றத்தோட அந்த முறை போயிருச்சு. ஆனாலும் அன்னை தெரேசாவ ரொம்பக் கடுமையா விமர்சிச்ச கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸையே கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தாங்க. அவரோ கடவுளே இல்லைங்கிற ஆள்.

அவர் ஏதாவது எழுதி அச்சாகியிருந்தா அதையும் இறையியல் படிச்சவங்க வாசிச்சு விசுவாசத்துக்கு விரோதமா ஏதும் இருக்கான்னு பாப்பாங்க. எல்லாம் முடிஞ்சு முத்திரை குத்துன பெட்டியில ரோமுக்குப் போகும். அங்க இத ஒரு தொகுப்பாக்கி (பொசிசியோன்னு பேரு, சிலது ஆயிரம் பக்கத்தத் தாண்டும்) இறையியலாளர் குழு வாக்குப் போட்டு, பிறகு கர்தினால்மார் ஆயர்மார் பாத்து, கடைசியா பாப்பரசர்.

கேஸ் ஓடுது, அதுக்குள்ள அவர் படத்த பீடத்துல வச்சு மாலை போட்டு நவநாள் வைக்கலாமா?

வைக்காதீங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா அன்புல செய்யிறது கேஸையே கெடுத்துரும். 17ம் நூற்றாண்டுல 8ம் ஊர்பான் பாப்பரசர் காலத்துல இருந்து உள்ள கட்டுப்பாடு, திருச்சபை அறிவிக்கிறதுக்கு முந்தி பொது வணக்கம் கூடாது. ஆயர் அவர் கல்லறையையும், இருந்த வீட்டையும் போய்ப் பாத்து அப்படி ஏதும் நடக்கலைன்னு எழுதியே அனுப்பணும். படத்துல தலையச் சுத்தி வட்டம் போட்டு பிரிண்ட் பண்றதும் கூடாது, இப்ப போன்ல எடிட் பண்ணத் தெரிஞ்ச தம்பிமார் இருக்காங்க, அவங்களுக்குத் தான் சொல்றேன். வீட்டுல தனியா அவர்கிட்ட வேண்டிக்கிறது வேற, அது செய்யணும், இல்லாட்டி புதுமை எப்படி நடக்கும்?

எதப் புதுமைன்னு ஏத்துக்குவாங்க?

ஏறக்குறைய எல்லாமே நோய் குணமானது தான். கடுமையான நோயா இருக்கணும், எதிர்பாராம சட்டுனு குணமாகணும், முழுசா குணமாகணும், திரும்ப வரக்கூடாது, மருந்தால வந்த குணமாவும் இருக்கக்கூடாது. கண்ணீர் வடிக்கிற சொரூபம், சுவத்துல தெரியிற முகம், கனவுல வந்து சொன்னாரு, இதெல்லாம் கணக்குல வராது.

நடந்த இடத்து மறைமாவட்டம் தான் விசாரிக்கணும். வேண்டுதல் கேட்ட ஆள் ரோம்ல அடக்கம் ஆகியிருந்தாலும் குணமானது நுவரெலியாவுலன்னா கண்டி மறைமாவட்டம் விசாரிக்கும். ரோம்ல மருத்துவக் குழு இருக்கு, 2016ல வந்த விதிப்படி ஏழு பேர் உக்காந்தா அஞ்சு பேராவது, ஆறு பேர் உக்காந்தா நாலு பேராவது ஒத்துக்கணும். டொக்டர்மார் புதுமைன்னு சொல்ல மாட்டாங்க, அது அவங்க வேலையும் இல்ல. இப்ப இருக்கிற மருத்துவ அறிவுல இதுக்கு விளக்கம் இல்லைன்னு மட்டும் தான் சொல்லுவாங்க, இந்த ஆளோட பரிந்துரையாலதான் நடந்துச்சான்னு இறையியலாளர்கள் பாப்பாங்க.

கார்லோ அக்குடிஸ் கேஸப் பாருங்க, 15 வயசுல 2006ல இரத்தப் புற்றுநோயில செத்த இத்தாலிப் பையன், கம்ப்யூட்டர்ல நற்கருணைப் புதுமைகளப் பத்தி வெப்சைட் செஞ்சவன், பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். கொஸ்தாரிக்கா பொண்ணு ஒன்னு 2022ல ஃபுளோரன்ஸ்ல சைக்கிள்ல இருந்து விழுந்து தலையில மோசமான அடி, அம்மா அசிசியில கார்லோ கல்லறைக்குப் போயி வேண்டுனாங்க, பொண்ணு தேறிருச்சு. இது ஏத்துக்கப்பட்டதுக்குக் காரணம் அந்த ஆஸ்பத்திரியில எல்லா ரிப்போர்ட்டும் இருந்தது தான். 2025 செப்டெம்பர் 7ல பாப்பரசர் 14ம் லியோ புனிதரா அறிவிச்சாரு.

நம்ம பக்கம் இதுல தான் பிரச்சினை. தோட்ட டிஸ்பென்சரியில குடுத்த துண்டு கரைஞ்சு போயிரும், கிளினிக் கொப்பிய எலி கடிச்சிரும், டயக்னோசிஸ் கார்ட்ட மடிச்சு மடிச்சு நடுவுல எழுத்தே இருக்காது, எக்ஸ்ரேய பிள்ளைங்க சூரிய கிரகணம் பாக்க எடுத்துட்டுப் போயிருவாங்க. பெரிய வருத்தத்துல இருந்து தேறி வந்தவங்க வீட்டுல இருக்கிற எல்லாக் காகிதத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, புதுமைக்கு இல்லாட்டியும் அடுத்த கிளினிக்குக்கு உதவும்.

அந்தோனியார், வேளாங்கண்ணி மாதா, எங்க உபதேசியாருன்னு எல்லார்கிட்டயும் வேண்டுனோம், பக்கத்து வீட்டு அக்கா முனியாண்டிக்கும் நேந்துக்கிட்டாங்க. அப்ப புதுமை யார் கணக்கு?

சிரிக்க வேணாம், இது உண்மையான கேள்வி. கேஸ்ல இருக்கிற ஆள்கிட்ட வேண்டுனதும் அதுக்குப் பிறகு குணமானதும் தெளிவாக் காட்டணும். எல்லார்கிட்டயும் சேத்து வேண்டியிருந்தா யார் பரிந்துரைன்னு சொல்ல ஏலாது, கேஸ் பலவீனமாகிரும். அதனால தான் ஒரு இறை ஊழியருக்காக செபிக்கிறப்ப குடும்பமா அவர்கிட்ட மட்டும் வேண்டுங்கன்னு சொல்லுவாங்க. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற தாய்கிட்ட போயி ஒருத்தர மட்டும் கூப்பிடும்மான்னு யாரு சொல்லுவா, நான் சொல்ல மாட்டேன்.

வேதசாட்சிகளுக்கும் புதுமை வேணுமா?

வேதசாட்சின்னா விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவங்க. அவங்களுக்கு அருளாளர் ஆக வேணாம், புனிதர் ஆக ஒன்னு வேணும். நம்ம பாட்டன் பூட்டன் வந்த நாட்டுலயே உதாரணம் இருக்கு. தேவசகாயம் பிள்ளை, நட்டாலத்துல பிறந்தவர், 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14ல காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2012ல நாகர்கோயில்ல அருளாளர், வேதசாட்சிங்கிறதால புதுமை கேக்கல. பிறகு வயித்துலயே துடிப்பு நின்னு போன பிள்ளை பிழைச்சது புதுமையா ஏத்துக்கப்பட்டு 2022 மே 15ல ரோம்ல புனிதர். கல்யாணம் முடிச்ச குடும்பஸ்தர், பாதர் இல்ல, இந்தியாவுல இருந்து புனிதரான முதல் பொதுநிலையினர். இராமநாதபுரம் பக்கத்து ஆளுங்க கையோட கொண்டு வந்த அருளானந்தர் (ஜோன் டி பிரிட்டோ), ஓரியூர்ல 1693ல தலைய வெட்டுனாங்க, 1853ல அருளாளர், 1947ல புனிதர்.

ஆனா வேதசாட்சின்னு நிரூபிக்கிறது லேசு இல்ல. கொன்னவன் விசுவாசத்தின் மேல உள்ள வெறுப்புல தான் கொன்னான், செத்தவரும் அத ஏத்துக்கிட்டுத் தான் செத்தாருன்னு காட்டணும். காணிச் சண்டையில அடிச்சுக் கொன்னா அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் வேதசாட்சி இல்ல. 2017ல பாப்பரசர் பிரான்சிஸ் இன்னொரு வழியும் திறந்து விட்டாரு, பிறருக்காக அன்புல உயிரக் குடுத்தவங்க, தொத்து நோய்க்காரங்களப் பாத்து அதுலயே செத்தவங்க மாதிரி. அவங்களுக்குப் புதுமை வேணும்.

2019 ஈஸ்டர் குண்டுல செத்தவங்க புனிதர்களா?

இன்னும் இல்ல. அஞ்சு வருஷம் முடிஞ்ச 2024ல கொழும்பு உயர்மறைமாவட்டம் கையெழுத்து சேத்து முதல் அடி வச்சாங்க. 2025 ஏப்ரல்ல கொச்சிக்கடை, கட்டுவாபிட்டிய கோயில்கள்ல செத்த கத்தோலிக்கர் 167 பேர் பேர வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியல்ல சேத்ததா கொழும்பு கர்தினால் சொன்னாரு. அது ஒரு மரியாதை, புனிதர் பட்டம் இல்ல. ரெண்டையும் கலந்து ஃபேஸ்புக்ல போஸ்டர் போடுறத நிப்பாட்டுங்க.

யோசப் வாஸ் அடிகளாருக்கு ரெண்டாவது புதுமை இல்லையாமே, அப்ப எப்படி?

ஆமா, இல்ல. 2014ல பாப்பரசர் பிரான்சிஸ் அது வேணாம்னு விட்டுக் குடுத்தாரு, பழைய பாப்பரசர் 23ம் அருளப்பருக்கும் 2013ல அப்படித்தான் செஞ்சாரு. பாப்பரசருக்கு அந்த அதிகாரம் இருக்கு. இத வச்சு அவர் அரைப் புனிதர்னு பேசுற ஆளுங்களப் பாத்தா எனக்குக் கோவம் வரும், ஏன்னா இவர் நம்ம மலைநாட்டு மண்ணுல செத்தவர்.

கோவாவுல 1651ல பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க பாதர்மார உள்ள விடாத காலம், 1687ல பிச்சைக்காரர் மாதிரி வேசம் போட்டு யாழ்ப்பாணத்துல வந்து இறங்குனாரு. தமிழும் சிங்களமும் படிச்சாரு. 1692ல கண்டிக்கு வந்தா போர்த்துக்கேய ஒற்றர்னு 2ம் விமலதர்மசூரிய ராஜா சிறையில போட்டாரு, பிறகு நல்ல மனுசன்னு விளங்கி பௌத்த ராஜாவே அவர நடமாட விட்டாரு. 1697ல கண்டியில அம்மை பரவி ஜனங்க சொந்தக்காரங்களையே காட்டுல விட்டுட்டு ஓடுனப்ப, இவர் அவங்களத் தேடிப் போயி கஞ்சி குடுத்து புண்ணக் கழுவுனாரு. 1711 ஜனவரி 16ல கண்டியிலயே செத்தாரு.

செத்து 284 வருஷம் கழிச்சு, 1995 ஜனவரி 21ல கொழும்பு காலிமுகத்திடல்ல 2ம் யோவான் பவுல் அருளாளர் ஆக்குனாரு. 2015 ஜனவரி 14ல அதே காலிமுகத்திடல்ல பிரான்சிஸ் புனிதர் ஆக்குனாரு. புனிதர் பட்டம் பொதுவா ரோம்ல தான் நடக்கும், இது இங்கயே வந்து நடந்துச்சு. அன்னைக்கு மலைநாட்டுல இருந்தும் பஸ் பஸ்ஸாப் போயி ராவெல்லாம் கடற்கரையில உக்காந்திருந்த சனம் எத்தனை.

இதுக்கெல்லாம் கோடிக்கணக்குல காசு வேணுமாமே?

காசு வேணும் தான். போஸ்டுலேட்டர் செலவு, மொழிபெயர்ப்பு, ஆவணம் தேடுறது, டொக்டர்மார் நிபுணர்மார் கட்டணம், தொகுப்பு அச்சடிக்கிறது, பயணம். அதனால பெரிய சபைகளுக்கு லேசு, ஏழை மறைமாவட்டத்துக்குக் கஷ்டம், இத மறைக்க வேண்டியதில்ல. 2016ல பாப்பரசர் பிரான்சிஸ் கணக்கு வழக்க இறுக்குனாரு, ஒவ்வொரு கேஸுக்கும் வர்ற காசுக்கு முறையா கணக்குக் காட்டணும், வசதி இல்லாத கேஸுக்கு உதவ ஒரு பொது நிதியும் இருக்கு. காசு குடுத்து பட்டம் வாங்குறதுன்னா இந்நேரம் எத்தனை பணக்காரன் புனிதராயிருப்பான்.

இலங்கையில வேற யாரும் வரிசையில இருக்காங்களா?

யாழ்ப்பாணம் தோலகட்டியில 1928ல செபமாலைத் தாசர் சபைய ஆரம்பிச்ச தோமஸ் அடிகளார் இறை ஊழியர் நிலையில இருக்காரு. மன்னார்ல 1544ல சங்கிலி ராஜா காலத்துல வேதத்துக்காகச் செத்தவங்கள அந்தப் பக்கம் ஜனங்க வேதசாட்சிகளா மதிக்கிறாங்க, பட்டம் இன்னும் இல்ல.

பெந்தகொஸ்தே மாதிரி சபைக்காரங்க கேக்குறாங்க, செத்தவங்கள ஏன் கும்பிடுறீங்கன்னு?

ஆராதனை கடவுளுக்கு மட்டும் தான். புனிதர்கிட்ட கேக்கிறது எனக்காக வேண்டிக்கோங்கன்னு. சபைக்குப் போற அண்ணனும் பாஸ்டர்கிட்ட எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றாருல்ல, நாங்க மோட்சத்துல இருக்கிறவங்கள்ட்டயும் சொல்றோம். இதுக்கு மேல லயத்துல சண்டை போட வேணாம்.

புனிதர் பட்டத்தத் திரும்ப எடுக்க ஏலுமா? கிறிஸ்தோபர எடுத்துட்டாங்களே?

எடுக்கல. 1969ல பொது நாட்காட்டியத் திருத்துனப்ப அவர் திருநாள அதுல இருந்து தூக்குனாங்க, ஏன்னா அவர் வாழ்க்கையப் பத்தி உறுதியான விவரம் கம்மி. புனிதர் பட்டியல்ல இப்பவும் இருக்காரு, வேன்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறவங்க கழட்டத் தேவையில்ல.

திருப்பண்டம் ஒன்லைன்ல விக்கிறாங்க, வாங்கலாமா?

வேணாம். புனிதரோட எலும்பு, முடி, உடுத்த துணி இதெல்லாம் திருப்பண்டம், விக்கிறத திருச்சபை சட்டம் தெளிவாத் தடுத்திருக்கு. உண்மையான ஒன்னுக்கு அதிகாரம் உள்ளவங்க குடுத்த அத்தாட்சிப் பத்திரம் இருக்கும், அது இல்லாம கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஏதாவது ஒரு துண்டப் போட்டு அசிசியில இருந்து வந்ததுன்னு சொன்னா நம்பாதீங்க. கோயிலுக்கு ஒன்னு வேணும்னா பங்குத் தந்தை மூலமா ஆயர் ஒஃபிஸுக்கு எழுதிக் கேக்கலாம். வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க கொண்டு வந்தாலும் முதல்ல பாதர்கிட்ட காட்டிட்டு பிறகு பீடத்துல வைங்க.